மானியோக் ஸ்டார்ச்சை மாத்திரைக்குள் போடுமுன்

மொரிஷியஸின் மஹேபூரில் 1870இல் தொடங்கிய பிஸ்கட் ஆலை இன்றும் மானியோக், அதாவது மரவள்ளிக்கிழங்கு, மாவில்தான் பிஸ்கட் சுடுகிறது. அதனால் இங்கே படிக்கும் பிள்ளைகள் கடைமாவையே கொண்டுவந்து, "சார், மாத்திரைக்கு இது போதாதா?" என்பார்கள். போதாது. அது நாரும் சேர்ந்த மாவு. நமக்கு வேண்டியது மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய துணியில் வடித்தால் அடியில் கெட்டியாகப் படிகிற ஸ்டார்ச் மட்டுமே. மேல்தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கலக்கி இறுத்துவிடுங்கள். கிழங்கில் சயனைடைத் தரும் லினமரின் இருப்பதால் இதில் சோம்பல் ஆகாது. படிந்ததை உலர்த்தும்போது ஓவனை 50 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்; ஈர ஸ்டார்ச் 60ஐத் தாண்டினால் கூழாகத் தொடங்கிவிடும்.

அடுத்து மைக்ரோஸ்கோப். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மரவள்ளி மணிகள் நீலமாகும். உருண்டைதான், ஆனால் பலவற்றுக்கு ஒரு பக்கம் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். நடுவே நீலமேறாத துணுக்குகள் தெரிந்தால் அது நார். மறுபடி துணியை எடுங்கள்.

இங்கே குர்பிப் ஊர் மழையில் ஸ்டார்ச் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். உலர்ந்ததில் கொஞ்சம் மட்டும் எடுத்து 130 டிகிரியில் 90 நிமிடம் வைத்து எடைக்குறைவைப் பாருங்கள். சோள ஸ்டார்ச்சுக்கு மருந்துநூல் வைத்திருக்கும் 15 சதவீதத்தையே நாமும் வரம்பாகக் கொள்ளலாம். அடுத்து, தூள் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று காட்டும் கார் குறியீடு. அளவுசாடியில் 100 மில்லி இருந்தது தட்டியபின் 75 ஆனால் அது 25: ஓட்டம் சுமார்தான், நேரே அழுத்துவது சிரமம், ஈரக்குருணை (ஈரம் சேர்த்துத் தூளைக் குருணையாக்குவது) போடுவதே நல்லது.

சோதனை மாத்திரைக்குப் பாரசிட்டமாலைத்தான் எடுப்பேன். அழுத்தினால் தொப்பி கழல்வதுபோல் மாத்திரையின் மேல்பகுதி பிரிந்துவிடும் சண்டிக்குதிரை அது. பைண்டராக, அதாவது தூளை ஒட்டவைக்கும் பொருளாக, போட்ட ஸ்டார்ச்சின் யோக்கியதை உடனே தெரிந்துவிடும். அதே செய்முறை, அதே அழுத்தம், பக்கத்திலேயே சோள ஸ்டார்ச் போட்ட மாத்திரை. இந்த ஒப்பீடு இல்லாத அறிக்கையை நான் படிப்பதில்லை.

கடினத்தை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். சுழலும் உருளையில் 100 சுற்றில் தேய்மானம் 1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 37 டிகிரி நீரில் ஆறு மாத்திரைகளும் 15 நிமிடத்தில் உடையவேண்டும். உடையத் தாமதமானால் ஸ்டார்ச்சைக் குறைசொல்லுமுன் மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை எவ்வளவு நேரம் கலக்கினீர்கள் என்று பாருங்கள். அதிகம் கலந்தால் குருணைமேல் நீர் ஒட்டாது. அதுவும் சரியாக இருந்தால், மாத்திரையை நீரில் உடைப்பதற்காகச் சேர்க்கும் ஸ்டார்ச்சை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். குருணைக்கு வெளியே போடும் பாதி மாத்திரையைக் குருணையாக உடைக்கும்; உள்ளே போட்ட பாதி குருணையைத் தூளாக்கும்.