வீட்டுக் கேமரா: பெட்டியைப் பிரிக்கும் முன் ரவுட்டரைத் திறங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் ஓர் இணையக் கேமராவை மாட்டப் பத்து நிமிடம் போதும். அந்நியர் அதன் வழியே வீட்டைப் பார்க்க முடியாதபடி மாட்ட இன்னும் அரைமணி நேரம் ஆகும். வேலையை ரவுட்டரிலிருந்து தொடங்குங்கள். கேமராவை முதலில் இணைத்துவிட்டால் பிறகு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும்.

வாங்கும்போது பெட்டியில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த இந்த முத்திரைத் திட்டத்தில் 4 நிலைகள் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஆலையிலேயே வைக்கும் கடவுச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருள் மேம்பாடு கிடைக்கவேண்டும் என்பவை 1ஆம் நிலையிலேயே கட்டாயம். 2016இல் பரவிய ‘மிராய்’ நச்சுநிரல், ஆலையில் வைத்த 60க்கு மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் கேமராக்களைப் பிடித்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அது அழிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்பி வரும்.

படி 1: ரவுட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) உலாவியில் தட்டுங்கள். இங்கே மாற்றவேண்டியது நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு. பலர் அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ‘யூபிஎன்பி’ (UPnP) வசதியை அணையுங்கள். அது திறந்திருந்தால் கேமரா உங்களைக் கேட்காமலே வெளியுலகுக்கு வாசல் திறந்துகொள்ளும்.

அடுத்து, விருந்தினர் வைஃபை ஒன்றை 2.4 கிகாஹெர்ட்ஸில் உருவாக்குங்கள்; பல கேமராக்கள் அந்த அலைவரிசையில் மட்டுமே இணையும். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 (WPA2) இருக்கட்டும்; ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று வைத்தால் பழைய கேமராக்கள் இணையாது. விருந்தினர் வைஃபை தனியாக இருப்பதால், கேமராவை யாராவது பிடித்தாலும் முதன்மை வைஃபையில் உள்ள உங்கள் மடிக்கணினியை எட்டமுடியாது.

படி 2: கேமராவின் செயலிக் கணக்கு. பல திருட்டுகள் நடப்பது இங்கேதான். வேறெங்கோ கசிந்த உங்கள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இங்கே போட்டுப் பார்ப்பார்கள். ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத 15 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். குறுஞ்செய்தியைவிடக் குறியீடு தரும் செயலி மேல். கைப்பேசி தொலைந்தால் உதவும் அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

படி 3: கேமரா. கைப்பேசியை விருந்தினர் வைஃபைக்கு மாற்றிய பிறகே இணையுங்கள். பாதியில் நின்றால் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைந்ததும் மென்பொருளை மேம்படுத்துங்கள், தானியங்கி மேம்பாட்டையும் போடுங்கள். பிறகு கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் படம் வருகிறதா என்று பாருங்கள்.

பணிப்பெண்ணோ அண்ணனோ பார்க்கவேண்டுமானால் கடவுச்சொல்லைத் தராதீர்கள். செயலியின் ‘பகிர்’ வழியாக அழைப்பு அனுப்புங்கள். பணிப்பெண் வேலையை விட்டுப் போன அன்றே பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடலாம்.

பழைய பொருள் விற்கும் ‘கேரோசல்’ தளத்தில் கேமராவை விற்பதாக இருந்தால் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டு, ரீசெட் பொத்தானையும் அழுத்துங்கள். செயலியை மட்டும் அழித்தால் உங்கள் வைஃபை கடவுச்சொல் கேமராவுக்குள்ளேயே இருக்கும். ரீசெட் மட்டும் செய்தால், சில வகைக் கேமராக்களை வாங்கியவரால் தம் கணக்கில் சேர்க்கவே முடியாது.