கடலோரக் காரில் டை ராட் எண்டும் லோயர் ஆர்மும் மாற்றும் முறை

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ வாசலில் நிற்கும் காரின் அடியில் உப்புக்காற்று படாத போல்ட் இருக்காது. இந்தப் பக்கத்துக் கார்களில் புதுப் பாகத்தைப் பொருத்துவது எளிது. துருவேறிய பழையதைக் கழற்றுவதுதான் வேலை. இங்கே சொல்வது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக உள்ள முன் சஸ்பென்ஷன்) கொண்ட, முன்சக்கரத்தில் இயங்கும் சிறிய கார்களுக்கு.

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை இடது வலதாக (கடிகாரத்தில் 9, 3) பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? டை ராட் எண்டோ (ஸ்டியரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை), ரேக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடம் வலமாக நகரும் தண்டு) உள்பக்க ஜாயிண்டோ தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாக (12, 6) ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் மீது சந்தேகப்படலாம். வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது 'டக் டக்' என்று கேட்டால் லோயர் ஆர்மைக் (சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு கீழே இணைக்கும் கை) குறை சொல்வதற்கு முன் ஸ்டெபிலைசர் லிங்கைப் (வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு) பாருங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு.

முதல் நாள் மாலையே எல்லா மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. கடலோர வீடுகளின் வாசல் பெரும்பாலும் மணல். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடிமனான பலகை போடாமல் ஆரம்பிக்கக் கூடாது. பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

டை ராட் எண்டில், டேப்பரைப் (நக்கிளில், அதாவது சக்கரம் பொருந்தும் பாகத்தில், இறுகியிருக்கும் கூம்பு வடிவ ஸ்டட்) பிரிப்பதற்கு முன்பே லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிரித்த பிறகு ராடு முழுவதும் சுழலும், பிடிமானம் கிடைக்காது. அடுத்து ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை மரை முனை வரை மட்டும் தளர்த்துங்கள். இரண்டு கால் புல்லர் போட்டு இறுக்கியபடி, நக்கிளின் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி கொடுத்தால் டேப்பர் விட்டுவிடும். மரை முனையில் அடிக்காதீர்கள். பிளவு ஃபோர்க்கை அடித்து நுழைத்தால் ரப்பர் பூட் கிழியும். தூக்கிப்போடும் பாகத்துக்கு மட்டும் அது சரி.

டை ராட் எண்டைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள். அதோடு லாக் நட்டிலிருந்து பால் ஸ்டட்டின் மையம் வரை அளந்தும் எழுதிவையுங்கள், ஏனென்றால் புதுப் பாகத்தின் நீளம் சற்று மாறலாம். டேப்பரைத் துடைத்து உலர்வாகப் பொருத்துங்கள். கிரீஸ் தடவக் கூடாது. நைலான் நட் போடும்போது ஸ்டட் கூடவே சுற்றினால், கீழே ஜாக்கியால் லேசாக அழுத்திப் பிடித்தால் நிற்கும். இறுக்கம் பெரும்பாலான சிறிய கார்களில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேடு சொல்வதே முடிவு. ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், துளைக்காகப் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும்.

லோயர் ஆர்மில் தகராறு செய்வது நக்கிளில் பால் ஜாயிண்டைப் பிடிக்கும் பின்ச் போல்ட். ஸ்டட்டில் ஒரு பள்ளம் உண்டு, போல்ட் அதன் வழியாகப் போகிறது. தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். வராத போல்ட்டை ஒரே திசையில் மல்லுக்கட்டாதீர்கள், முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுங்கள். உள்பக்கப் போல்ட்களுக்கான நட் பல கார்களில் பாடியிலோ சப்ஃபிரேமிலோ வெல்டு செய்யப்பட்டிருக்கும். வெல்டு விட்டால் நட் உள்ளே சுற்றும், அப்புறம் தகட்டை வெட்டித்தான் வழி. கிரைண்டர் பிடித்தால் பொறி பிரேக் ஹோஸ் பக்கம் போகாமல் மறையுங்கள்.

ஜாயிண்ட் விலகியதும் நக்கிளை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். ஆக்சிலின் உள்ஜாயிண்ட் கழன்றுவிடும், கயிற்றால் கட்டிவையுங்கள்.

ஆர்மின் புஷ் (ரப்பர் வளையம்) மட்டும் கெட்டிருந்தால் லேத் பட்டறையில் பிரஸ் செய்து மாற்றலாம். ஆனால் துரு ஏறிய ஆர்முக்கு அந்தச் செலவு வீண், முழு ஆர்மே வாங்குங்கள்.

பலர் தவறுவது பொருத்தும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்களை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர், நடுவிலுள்ள இரும்புக் குழலோடு ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் பிடித்துவிட்டால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். எல்லாப் புஷ் போல்ட்டையும் கையால் ஏற்றி, காரின் எடை சக்கரத்தில் வந்த பிறகு டார்க் ரென்ச் வையுங்கள்.

இதே சாக்கில் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் திறக்க ஆசைப்படாதீர்கள். ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் அதைத் தொட்டால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். ரேக்கின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால், டை ராட் எண்ட் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழையில் தேங்கும் நீரும் மணலும் உள்ளே போனால் ரேக்கே போய்விடும்.

வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டி நேராக வீல் அலைன்மெண்டுக்குப் போங்கள். சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டை மறுபடி பாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் சாய்ந்து நின்றால், இரண்டு டை ராடையும் சம அளவில் எதிரெதிராகத் திருத்தச் சொல்லுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.