ஓ.டி. (OD) என்று எழுதியிருந்தால் எப்படிப் படிப்பது?

ஓ.டி.க்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பொருள் கொள்ளுங்கள்.

மாத்திரைப் பெயர், மில்லிகிராம், அடுத்து ஓ.டி. என்றிருந்தால் நம்மூர் வழக்கில் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. (வரிப் பிடித்தத்துக்கும் தண்ணீரில் கரைந்த உப்புக்கும் இதே டி.டி.எஸ்.தான்!) காலையா இரவா என்று ஓ.டி. சொல்லாது. 1-0-0 அல்லது 0-0-1 என்று எழுதி வாங்குங்கள்.

கண் மருத்துவத்தில் ஓ.டி. வலது கண், லத்தீனில் ஆக்குலஸ் டெக்ஸ்டர். ஓ.எஸ். இடது, ஓ.யு. இரண்டு கண்ணும். கண்ணாடிச் சீட்டில் பக்கத்திலேயே பவர், சிலிண்டர், ஆக்சிஸ் எண்கள் இருப்பதால் குழப்பம் வராது. வில்லங்கம் சொட்டு மருந்துச் சீட்டில்தான். "1 சொட்டு ஓ.டி." என்றால் வலது கண்ணிலா, தினம் ஒரு முறையா? அதே வரியில் பி.டி. போல வேறொரு வேளைக் கணக்கு இருந்தால் ஓ.டி. கண்ணைக் குறிக்கிறது, ஒரே மருந்துக்கு இரண்டு வேளைக் கணக்கு எழுத மாட்டார்கள். வலது, இடது என்று தனியாக எழுதியிருந்தால் ஓ.டி. வேளையைக் குறிக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஊகிக்காதீர்கள். எந்தக் கண், எத்தனை முறை, எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். குடிக்க வேண்டிய மருந்தைக் கண்ணில் விட்டதும் நடந்திருக்கிறது. தவறுக்கு இடம் தரும் சுருக்கங்கள் என்று அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைத் தடுக்க இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் ஓ.டி.யும் உண்டு.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை சாப்பிடும் மருந்து. அதன் எதிரே ஓ.டி. போலத் தெரிந்தால் கடைக்காரரையும் நம்பாமல் மருத்துவரைக் கேளுங்கள். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

மாத்திரைப் பெயரின் கடைசியில் ஓ.டி. ஒட்டியிருந்தால் நம்மூரில் பெரும்பாலும் மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை; உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். ஜப்பானிலோ ஓ.டி. மாத்திரை என்றால் வாயிலேயே கரைவது!

ஆய்வகத்தில் ஓ.டி. 600 என்றால் 600 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பார்த்த ஒளி அடர்த்தி, அதாவது திரவம் ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்ற அளவு. பாக்டீரியா எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க இதை அளப்பார்கள். கலங்கல் அதிகமானால் அளவீடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; நீர்க்கச் செய்து அளந்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். வங்கியில் ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது), கல்லூரியில் ஆன் டியூட்டி (கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராமல் இருக்க அனுமதி).

குழாய்க் கடையில் ஓ.டி. வெளிவிட்டம். 1 இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் 25 அல்ல, ஏறக்குறைய 33.7 மி.மீ. பி.வி.சி.யில் 32 மி.மீ. என்று விற்பதே வெளிவிட்டம்தான். இரண்டையும் "ஒரு இஞ்ச்" என்று கேட்டு வாங்கினால் ஒன்றின் கப்ளிங் மற்றதில் உட்காராது. விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லையென்றால் குழாயை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை 3.14ஆல் வகுங்கள். நூலின் நீளமே ஏறக்குறைய 106 மி.மீ. வந்தால் ஜி.ஐ. 1 இஞ்ச். உள்விட்டம் வேண்டுமானால் வெளிவிட்டத்திலிருந்து சுவர்க் கனத்தின் இரு மடங்கைக் கழியுங்கள்.