ஒரே மயில்துத்தக் கரைசலில் ஒற்றை, இரட்டை இடப்பெயர்ச்சி வினைகள்

இரண்டு வினைகளையும் எழுத்துச் சமன்பாடாக மனப்பாடம் செய்தால் தேர்வில் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே நீலக் கரைசலில் இரண்டையும் நடத்திப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

படி 1: 2.5 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட் படிகம்) காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். மூன்று சோதனைக்குழாய்களில் 5 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றைத் தொடவே வேண்டாம். நிறத்தை ஒப்பிட அதுதான் உதவும்.

படி 2: இரும்பு ஆணியை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து முதல் குழாயில் போடுங்கள். ஆணியில் செம்பழுப்புப் படலம் சீக்கிரமே தெரியும்; 20, 30 நிமிடத்தில் நீலம் வெளிறத் தொடங்கும். இரும்பு கரைசலுக்குள் போக, தாமிரம் வெளியே வருகிறது. இது ஒற்றை இடப்பெயர்ச்சி.

இங்கேதான் பலருக்குச் சொதப்பும். எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால் படலம் சீராகப் பிடிக்காது. துத்தநாகம் பூசிய ஆணி என்றால் வினை நடக்கும், ஆனால் துத்தநாகத்தோடு; இரும்பு கரையும்போது வரும் இளம்பச்சை வராது. துருப்பிடிக்காத எஃகு ஆணி வேண்டவே வேண்டாம், அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் வினையைத் தடுக்கும். கரைசலை மறுநாள்வரை வைத்தால் காற்றுபட்டுப் பழுப்பாகும். அது வேறு வினை.

படி 3: கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 0.8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். அதில் 5 மில்லிலிட்டரை இரண்டாவது குழாயில் துளித்துளியாக விடுங்கள். காத்திருக்கவே வேண்டாம்: வெளிர்நீலக் கூழாகக் காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும் (கரையாத திடப்பொருளாகப் பிரியும்). சோடியமும் சல்பேட்டும் கரைசலிலேயே தங்கும். இது இரட்டை இடப்பெயர்ச்சி. குழாயைச் சூடாக்கினால் வீழ்படிவு காப்பர் ஆக்சைடாகிக் கறுத்துவிடும்.

இப்போது மின்சுமையைப் பாருங்கள். முதல் குழாயில் இரும்பு 0 இலிருந்து +2 ஆனது, தாமிரம் +2 இலிருந்து 0 ஆனது, எலக்ட்ரான் கைமாறியிருக்கிறது. இரண்டாவதில் தாமிரம் +2 ஆகவே இருக்கிறது, அயனிகள் ஜோடி மட்டும் மாறின.

வினை நடக்குமா என்று முன்கூட்டியே சொல்லவும் இதே வேறுபாடு போதும். ஒற்றைக்கு வினைபடு திறன் வரிசையை (எந்த உலோகம் எதை வெளியேற்றும் என்று காட்டும் பட்டியல்) பாருங்கள்: தாமிரக் கம்பியை இரும்பு சல்பேட்டில் போட்டால் ஒன்றும் ஆகாது. இரட்டைக்கு வீழ்படிவோ, வாயுவோ, நீரோ உருவாக வேண்டும். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட் கரைசல்களைக் கலந்தால் நான்கு அயனிகளும் அப்படியே மிதந்துகொண்டிருக்கும்.