நாலு பேர், நாலு பீர்: வீட்டிலேயே ருசி பார்ப்பது எப்படி

மலேசியாவின் பினாங்குத் தீவில், பத்து பெரிங்கியில் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றின் பாரில் 22 வருடம் நின்றேன். ஜெர்மனி, டென்மார்க், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று எங்கிருந்து வந்தவரும் இரண்டாவது நாள் தன் ஊர் பீரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டே கேட்பேன். இப்போது வேலையில் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம்: மச்சான், பக்கத்து வீட்டுச் சீன நண்பர், பாரில் என்னோடு வேலை செய்த தம்பி, நான்.

நாலு பேருக்கு நாலு வகை பீர், வகைக்கு ஒரு கேன். 320 மில்லி கேனை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 80 மில்லி வரும். நாலு வகையும் முடிந்தபோது ஒருவர் குடித்தது மொத்தம் ஒரே ஒரு கேன். அதற்கு எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகும். முதல் விதி இந்த 80 மில்லிதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. என் பாட்டி கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் போன பிறகு தொண்டர் படையினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சம்பள நாளில் வீட்டுக்கு வராத காசைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பெரிய பாட்டிலை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு உட்காரப் பிடிக்காது. வீட்டில் குடியால் அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களை இதற்குக் கூப்பிடாதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து வேறு விஷயம் பேசலாம்.

சரி, முதலில் வாங்குவது. பீருக்கு வெயில் ஆகாது. ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருளின் மேல் சூரிய வெளிச்சம் பட்டால் சில நிமிடங்களிலேயே அது மாறி, ரப்பர் கருகியது போல ஒரு வாடை வந்துவிடும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் காக்காது. ஒருமுறை ஒரு மளிகைக் கடையில், மத்தியான வெயில் நேராக விழும் கண்ணாடி ஓரத்தில் அடுக்கியிருந்த பச்சை பாட்டில்களை ஆறு வாங்கி வந்தேன். ஆறும் அதே வாடை. அதிலிருந்து கடையின் உள்ளே, குளிர்ப்பெட்டியின் பின்வரிசையிலிருந்துதான் எடுக்கிறேன். கிடைத்தால் கேன் நல்லது, வெளிச்சம் உள்ளே போகாது. அடியில் அச்சடித்த தேதியையும் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பெல்ஜியத்திலிருந்து வந்தது என்பதற்காக அது நல்ல பீர் ஆகிவிடாது. இங்கே சுங்கைவே ஆலையில் போன மாதம் காய்ச்சிய டைகர் பீர், ஒரு வருடம் அலமாரியில் வெந்த வெளிநாட்டு பாட்டிலைவிட எவ்வளவோ மேல். அப்புறம், 2017 டிசம்பரிலிருந்து 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. கடைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

கிளாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் பீர் கெடுகிறது. மீன் கறிச் சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சில் கிளாஸைக் கழுவுகிறோம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் கிளாஸில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் பட்டால் நுரை நிற்காது, நுரை நிற்காவிட்டால் பாதி வாசனை போச்சு. பீர் கிளாஸுக்கு என்று ஒரு புது ஸ்பாஞ்சைத் தனியாக வையுங்கள். கழுவிய பின் துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். சுத்தமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஈரக் கிளாஸின் உட்புறம் கொஞ்சம் தூள் உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டினால் சுத்தம். ஒட்டாத இடத்தில் எண்ணெய் இருக்கிறது. விலையுயர்ந்த கிளாஸ் தேவையில்லை. வாய் கொஞ்சம் குறுகிய சின்னக் கண்ணாடி கிளாஸ் போதும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்.

ஐஸ் போடாதீர்கள். கோப்பிக்கடையில் பியர் கிளாஸில் ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள், வெயிலுக்கு அது சுகம்தான். ருசி பார்க்க உட்காரும்போது மட்டும் வேண்டாம். தண்ணீர் கலந்தால் ருசி மாறுகிறது, அதிகக் குளிர்ச்சியில் நாக்கும் மரத்துப்போகிறது. லாகர் என்ற லேசான வகையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றலாம். கோதுமை பீரை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். ஸ்டவுட் என்ற கருப்பு பீருக்குக் கால் மணி நேரம் வேண்டும். நம் கூடத்தின் சூட்டில் அதற்கு மேல் விட்டால் வெதுவெதுப்பாகிவிடும்.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பாதி ஆனதும் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை எழ விடுங்கள். உடனே குடிக்க வேண்டாம். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இரண்டு சின்ன மூச்சு இழுங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுற்றவிட்டு விழுங்குங்கள். திராட்சை ரசம் ருசி பார்ப்பவர்கள் துப்புவார்கள். பீரை விழுங்க வேண்டும், ஏனென்றால் கசப்பின் பாதிக் கதை தொண்டையைத் தாண்டிய பிறகுதான் வரும். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இன்னொரு வாசனை அப்போது எழும்.

இனி வார்த்தைகள். எனக்கு இது புரிந்த நாள் 1996இல். ம்யூனிக்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், பெட்டியில் செய்தித்தாளில் சுற்றி இரண்டு பாட்டில் கோதுமை பீர் கொண்டுவந்திருந்தார். உயரமான கிளாஸ் ஒன்று கேட்டார், உள்ளே தண்ணீரில் அலசித் தரச் சொன்னார். கிளாஸைப் படுக்கிற மாதிரி சாய்த்து மெதுவாக ஊற்றினார். அடியில் கொஞ்சம் விட்டு, பாட்டிலைச் சுழற்றி, தங்கியிருந்த ஈஸ்ட்டையும் (பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) மேலே ஊற்றினார். எனக்கும் இரண்டு விரல் அளவு கொடுத்து, என்ன வாசனை என்று கேட்டார். யோசிக்காமல் வாழைப்பழம் என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதில் வாழைப்பழமே கிடையாது. அந்த ஈஸ்ட் புளிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளை உண்டாக்குகிறது, வாழைப்பழத்தில் இருப்பதும் அதே பொருள்தான். இன்னொரு முறை முகரச் சொன்னார். கிராம்பு வந்தது. அதுவும் ஈஸ்ட்டின் வேலைதானாம்.

அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: வாசனைக்கு வார்த்தை தேடி எங்கும் போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும். கிராம்பு, பட்டை, தனியா, வெந்தயம், கருகிய வெல்லம், கோப்பித் தூள், நார்த்தங்காய்த் தோல், புளித்த மோர் எல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கூடத்து மேசையில் நான் அஞ்சறைப் பெட்டியையே வைத்துவிடுகிறேன். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளாஸுக்குத் திரும்பலாம்.

முதல் தடவைக்கு இந்த நாலு போதும். லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள், திருப்பிப் போகாதீர்கள்.

முதலில் ஒரு லாகர். டைகர் 1932இல் சிங்கப்பூரில் வந்தது. கார்ல்ஸ்பெர்க் 1847இல் கோபன்ஹேகனில் பிறந்து, 1972 முதல் ஷா ஆலாமில் காய்ச்சப்படுகிறது. இவை சப்பென்று இருக்கும் என்று பலர் ஒதுக்குவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிரில் மெதுவாகப் புளிக்கவைப்பதால் ஈஸ்ட் தன் வாசனையைக் காட்டாமல் ஒதுங்கி நிற்கிறது. 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கலப்பில்லாத ஒரே வகை ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகுதான் ஒவ்வொரு தடவை காய்ச்சும் பீரும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தது. கொஞ்சம் கூர்ந்து பாருங்கள், வெந்த சோற்றின் இனிப்பும் பொட்டுக்கடலை வாசனையும் கிடைக்கும். பொன்னிற லாகர்களுக்கெல்லாம் மூத்தது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், செக் நாட்டுப் பில்சென் ஊரில் 1842இல் யோசப் க்ரோல் காய்ச்சிய வகையான பில்ஸ்னர் உர்க்குவெல்லை ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கசப்பு நன்றாகத் தெரியும், வெட்டிய புல் வாசனையோடு.

இரண்டாவது, பவேரியக் கோதுமை பீர். எர்டிங்கரோ பாலானரோ பினாங்கில் கிடைக்கும். நாலு பேருக்குப் பிரிப்பதால் ம்யூனிக் பெரியவர் செய்தபடி செய்ய முடியாது, கடைசி ஆளுக்கு மட்டும் ஈஸ்ட் முழுவதும் போய்விடும். திறப்பதற்கு முன் பாட்டிலைப் படுக்கவைத்து மேசையில் மெதுவாக இரண்டு உருட்டு உருட்டுங்கள். நன்றாகப் பழுத்த பீசாங் மாஸ் வாழைப்பழ வாசனை வரும். எனக்கு இது மிகவும் பிடித்த வகை. இதற்குப் பதில் பெல்ஜியத்து ஹூகார்டன் வைத்தாலும் சரி. அதில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். மச்சான் முதல் முறை முகர்ந்ததுமே கொத்தமல்லி என்று சொல்லிவிட்டார். அவர் ரசம் வைப்பதில் கெட்டிக்காரர்.

மூன்றாவது, இந்தியா பேல் ஏல். இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் மாதக்கணக்கில் கப்பலில் வர வேண்டியிருந்ததால் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டு அனுப்பிய பழைய வகை அது. இன்று கடையில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கர்கள் மாற்றியமைத்தது. 1972இல் அங்கே வெளிவந்த காஸ்கேட் போன்ற ஹாப்ஸ் அதன் வாசனையை வேறாக்கிவிட்டது. தம்புன் பம்ளிமாஸை உரிக்கும்போது தோலிலிருந்து தெறிக்குமே, அந்த வாசனை. பின்னாலேயே பாகற்காய்க் கசப்பு வரும். முதல் வாயில் முகம் சுளித்தால் பரவாயில்லை. ஒரு வாய் தண்ணீர், ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட், மறுபடி ஒரு வாய் பீர். மூன்றாவது வாயில் கசப்புக்குப் பின்னால் பழம் தெரிய ஆரம்பிக்கும்.

கடைசியில் ஸ்டவுட். கின்னஸ் டப்ளினில் 1759இல் தொடங்கியது. பினாங்கு ஹொக்கியன் பெரியவர்கள் அதைக் கருப்பு நாய் என்பார்கள். நம் கடைகளில் இரண்டு வகை உண்டு, பார்த்து எடுங்கள். டிராட் என்று எழுதியதில் நைட்ரஜன் வாயு இருப்பதால் நுரை பாலாடை போல இருக்கும், பீர் வாயில் மெலிதாகத் தெரியும். ஃபாரின் எக்ஸ்ட்ரா கனமானது, காரமானது. வறுத்த பார்லியால்தான் அந்தக் கருப்பு. எனக்கு அதில் கருகிய வெல்லமும், வெண்ணெயில் வறுத்த கோப்பிக்கொட்டை வாசனையும் வருகிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட் கிடைத்தால் விடாதீர்கள். 8 சதவீதத்துக்கு மேல் வீரியம், பேரீச்சம்பழம் போல ஒரு அடர்த்தி. அதை 80 மில்லியைவிடக் குறைவாகவே ஊற்றுங்கள்.

பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற புளிப்பு வகையை நாலைந்து மாதம் கழித்துத் தொடுங்கள். அதற்கு யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காய்ச்சியதை அகலமான திறந்த தொட்டியில் ஆறவிட, காற்றில் இருப்பது வந்து இறங்கி மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வேலை செய்கிறது. கள்ளும் இப்படித்தான் தானாகப் புளிக்கிறது, ஆனால் சில மணி நேரத்தில். தொழுவ வாசனையும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து வரும். பக்கத்து வீட்டு நண்பர் கிளாஸை ஒதுக்கிவிட்டார். மச்சான் அவர் பங்கையும் கேட்டார்.

பீரை ருசி பார்த்து முடிக்கும்வரை சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள். முறுக்கின் எண்ணெய் உதட்டிலிருந்து நுரைக்குப் போகும், சம்பல் நாக்கை எரித்துவிடும். முடிந்த பிறகு, மிச்சம் வைத்த கடைசி வாயோடு சாப்பிடுங்கள். ஆட்டு வறுவலுக்குக் கோதுமை பீர் இதமாக இருக்கும். காரத்தோடு பேல் ஏல் வேண்டாம், கசப்பு காரத்தை ஏற்றிவிடும். ஸ்டவுட்டுக்குச் சிப்பி பழைய சேர்மானம். நாங்கள் சந்தையோரக் கடையிலிருந்து ஓ சியென் கட்டிக்கொண்டு வருகிறோம். முட்டையோடு பொரித்த அந்தச் சிப்பியின் உப்பும் ஸ்டவுட்டின் கருகலும் சேரும்போது நாலு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

வந்தவர்கள் யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு போவதில்லை. 80 மில்லி வீதம்தானே என்று நினைக்க வேண்டாம். 2020 சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே வண்டி ஓட்டுபவருக்கு எல்லை. தம்பி கிராப் வாடகைக் காரில் வந்து கிராப்பிலேயே போகிறான்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வையுங்கள். பீர் பெயர், அச்சடித்த தேதி, வாங்கிய கடை, ஆளுக்கு ஒரு வரி. அடுத்தவர் சொல்லும் முன் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே பழத்தைச் சொல்வார்கள். எங்கள் நோட்டில் ஒரே ஸ்டவுட்டுக்கு மச்சான் கருப்பட்டி என்றும், தம்பி தீய்ந்த தோசை என்றும், பக்கத்து வீட்டு நண்பர் சீன மருந்துக்கடை என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் எழுதியதையும் படித்துவிட்டு மறுபடி முகர்ந்தேன். மூன்றும் அதில் இருந்தன.