லைப்ரரி கிளாஸை ஃபிளிப் பண்றது எப்படி: காலேஜ் டீச்சர்களுக்கு

முதல் வருஷப் பசங்களுக்கு ஓரியன்டேஷன்னு ஒரு மணி நேரம் பிபிடி ஓட்டுவோம், இது ஓபேக் (லைப்ரரி புக் கேட்டலாக்), இது என்-லிஸ்ட் (காலேஜ்களுக்கான இ-ஜர்னல், இ-புக் வசதி), இது சோத்கங்கா (இந்திய பிஎச்டி தீசிஸ் தொகுப்பு)ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் போனுக்குள்ள போயிருப்பாங்க, அப்புறம் ப்ராஜெக்ட் வரும்போது கூகுள்ல முதல்ல வந்ததைத் தூக்கி ரெஃபரன்ஸ்ல போட்டுட்டு வந்து நிப்பாங்க. ஃபிளிப் பண்ண வேண்டியது, அதாவது பாடத்தை வீட்டுக்கும் வேலையை கிளாஸுக்கும் மாத்த வேண்டியது, இதைத்தான். எந்த பட்டன் எங்க இருக்குங்கறது வீடியோவா ரூமுக்குப் போகட்டும், தேடறதும் சந்தேகப்படறதும் கிளாஸ்ல நடக்கட்டும்.

வீடியோவுக்கு ஸ்டுடியோ எல்லாம் வேணாம், போன்லயே ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணுங்க. ஆறேழு நிமிஷம், ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம். என்-லிஸ்ட் ஐடியை மட்டும் லைப்ரரியன்கிட்ட முன்னாடியே வாங்கிக் குடுத்துடுங்க, இல்லன்னா அன்னிக்கு முழுக்க பாஸ்வேர்டு ரீசெட்தான். வீடியோ கூடவே ஒரு சின்ன வேலை: அவங்கவங்க டாபிக்கை கூகுள் ஸ்காலர்ல மேற்கோள்குறி இல்லாம ஒரு தடவை, போட்டு ஒரு தடவை தேடி, ரெண்டு ஸ்கிரீன்ஷாட், என்ன மாறுச்சுன்னு ஒரு வரி, வாட்ஸப்ல அனுப்பணும். க்விஸ் வேணாம், ஒருத்தன் போட்ட ஆன்சரை மொத்த ஹாஸ்டலும் போடும்.

பார்க்காம வர்றவங்க கண்டிப்பா இருப்பாங்க. அவங்களுக்காக மறுபடி பாடம் எடுத்தீங்கன்னா அடுத்த வாரம் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஹெட்போன் மாட்டி ஓரமா உக்காந்து பார்த்துட்டு அப்புறம் குரூப்ல சேரட்டும்.

இப்போ கிளாஸ், மூணு பேருக்கு ஒரு லேப்டாப். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கற பிரிட்டிஷ் டாக்டர் 1998ல லான்செட்ங்கற பெரிய மருத்துவ ஜர்னல்ல போட்டாரே, எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட பேப்பர், அதோட தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுத்து, இதை ரெஃபரன்ஸா போடுவீங்களான்னு கேளுங்க. லிங்க் குடுத்துடாதீங்க, லான்செட் சைட்ல போனாலே வாபஸ் வாங்கினது தெரிஞ்சுடும். பசங்க லான்செட் பெயரைப் பார்ப்பாங்க, ஆயிரக்கணக்குல சைட்டேஷன் (மத்த பேப்பர்கள் அதைக் குறிப்பிட்டது) இருக்குன்னு பார்ப்பாங்க, ஓகே சார்ம்பாங்க. பேப்பரை மூடி வச்சுட்டு அதைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு வேற டேப்ல தேடச் சொல்லுங்க. வெறும் 12 குழந்தைங்கள வச்சு எழுதினது, 2010ல லான்செட்டே வாபஸ் வாங்கினது, அதே வருஷம் அவரோட டாக்டர் ரிஜிஸ்ட்ரேஷனும் போனது, எல்லாம் அவங்களே கண்டுபிடிப்பாங்க. அந்த சைட்டேஷன்ல நிறைய அதைத் தப்புன்னு சொல்றதுக்காகவே குடுத்ததுன்னு தெரியும்போதுதான் கிளாஸ் சூடாகும், அங்க அவசரப்படாதீங்க. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் வைன்பர்க்கும் மெக்ரூவும் ஹிஸ்டரி ஸ்காலர்ஸ், மாணவர்கள், ஃபேக்ட் செக்கர்ஸ் மூணு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தப்பவும் இதேதான், சைட்டை விட்டு உடனே வெளிய போய் தேடினவங்க ஃபேக்ட் செக்கர்ஸ்.

நேரம் இருந்தா சாட்ஜிபிடிகிட்ட அஞ்சு ரெஃபரன்ஸ் கேட்டு, ஒவ்வொண்ணையும் டிஓஐ (பேப்பருக்குன்னு குடுக்கற நிரந்தர அடையாள எண்) வச்சு செக் பண்ண விடுங்க. 2023ல நியூயார்க்ல வக்கீலுங்க அது குடுத்த இல்லாத கேஸுகளை கோர்ட்ல போட்டு 5,000 டாலர் அபராதம் கட்டின கதையும் சொல்லலாம்.

எல்லா யூனிட்டையும் ஃபிளிப் பண்ணப் போகாதீங்க, முதல்ல ஒண்ணு போதும். மார்க் ரெஃபரன்ஸ் லிஸ்டுக்கு இல்ல, எப்படித் தேடினேன்னு எழுதி வச்ச லாகுக்கு. மூணே கட்டம்: என்ன வார்த்தை போட்டேன், என்ன கிடைச்சுது, எதை ஏன் ஒதுக்கினேன். மூணாவது கட்டம் காலியா வந்தா திருப்பிக் குடுத்துடுங்க.