புனர்வாழ்வு மருத்துவ ரெசிடென்சி: இடத்தின் பெயரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் புனர்வாழ்வு மருத்துவத்தில், அதாவது நோயாலோ காயத்தாலோ இயக்கம் இழந்தவர்களை மீட்கும் துறையில், ரெசிடென்சி எனப்படும் விசேட வைத்தியருக்கான பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணும் இளம் மருத்துவர்கள் ஆண்டுக்கு இருவரோ மூவரோ திருகோணமலை உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கு வருகிறார்கள். அண்மையில் வந்த தம்பி ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த அட்டவணையில் இருந்த அதே நான்கு நிரல்கள்தாம் அதிலும் இருந்தன: வைத்தியசாலையின் பெயர், தரவரிசை எண், நகரம், கட்டில்களின் தொகை. (புனர்வாழ்வு என்றதும் எங்கள் ஊரில் பலருக்கு இன்றும் 2009இல் போர் முடிந்த பின் முன்னாள் போராளிகளுக்கென அமைந்த முகாம்களே நினைவுக்கு வருகின்றன, என் பெயர்ப்பலகையைப் பார்த்து, இது அரசாங்க அலுவலகமா என்று கேட்டவர்களும் உண்டு.)

பரீட்சைக்கு எப்படிப் படிப்பது, சிபாரிசுக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பனவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றில் தவறு செய்பவர்கள் குறைவு. செய்தாலும் தாமாகவே திருத்திக்கொள்கிறார்கள். ஓர் இடத்தின் பெயரை எடைபோடுவதில் செய்யும் தவறோ, செய்தவருக்கே நெடுநாள் தெரிவதில்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் வளர்ந்தவர்கள் நாம். எந்த மருத்துவ பீடம், உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதை எல்லாம் ஓர் ஒற்றை வரிசையே எமக்குத் தீர்மானித்துத் தந்தது. இலங்கையில் விசேட வைத்தியராவதற்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் என்ற ஒரே வாசல்தான். அந்தப் பழக்கத்தோடு, ஒவ்வொன்றும் தன் போக்கில் நடக்கும் அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களைப் பார்க்கும்போது, அங்கும் எங்கோ ஒரு வரிசை இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது.

வைத்தியசாலையின் பெயரைப் பயிற்சியின் பெயராக எடுத்துக்கொள்வது

என்னை இன்றும் உறுத்துகின்ற தவறு இதுதான். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யூ.எஸ். நியூஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் புனர்வாழ்வு வைத்தியசாலைகளின் வரிசையை எல்லோரும் அறிவார்கள். அது நோயாளருக்காகத் தயாரிக்கப்படுவது. மிகச் சிக்கலான நோயாளரை எங்கே அனுப்புவீர்கள் என்று துறைசார் வைத்தியர்களிடம் கேட்டுப் பெற்ற கருத்துகளைக் கொண்டே நெடுங்காலம் அது அமைக்கப்பட்டது. சிகிச்சைப் பெறுபேறுகள் பிற்காலத்திலேயே கணக்கில் சேர்ந்தன. அங்கே பயிலும் ரெசிடென்ட் எதைக் கற்றுக்கொள்கிறார் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை. இவ்வளவும் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்திருந்தும், பெரிய பெயருள்ள ஒரு வைத்தியசாலையோடு இணைந்த திட்டத்தையே என் விருப்பப் பட்டியலின் உச்சியில் வைத்தேன். இடம் கிடைத்த அன்று அம்மா கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்வித்தார்.

அங்கே போன பிறகே இடத்தின் அமைப்பு விளங்கியது. பெலோ என்பவர் ரெசிடென்சி முடித்து உட்பிரிவு ஒன்றில் மேற்பயிற்சி பெறுபவர். முதுகுத்தண்டு ஊசி பழக வந்த பெலோக்கள், வலி மருத்துவம் பழக வந்த பெலோக்கள், மூளைக் காயத்துக்கெனத் தனியாக ஒருவர் என்று வாசலுக்கு ஒருவர் நின்றார்கள். சிகிச்சை அறைக் கதவருகே பெலோவும் ரெசிடென்டும் சேர்ந்து நின்றால் உள்ளே போகிறவர் பெலோதான். வெளியில் நிற்கிறவர் அனுமதிக் குறிப்பும் வெளியேற்றக் கடிதமும் எழுதுவார். பயிற்சிக் காலத்துக்குள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 200 மின்னோடறி பரிசோதனைகளில், அதாவது தசைக்குள் ஊசி செலுத்தி அதன் மின்செயலைப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யும் நரம்புக் கடத்துகைச் சோதனையும் சேர்ந்த பரிசோதனைகளில், பங்குபற்றியிருக்க வேண்டும் என்பது நியதி. என் பதிவேட்டில் அந்தத் தொகை குறையவில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஊசி வேறொருவர் கையில் இருந்தது. என் பங்கு அறிக்கையைத் தட்டச்சு செய்வதோடு முடிந்துவிட்டது.

என்னோடு உள்ளகப் பயிற்சி முடித்த தோழி ஒருத்தி, எந்த வரிசையிலும் பெயர் காணாத ஒரு சிறிய திட்டத்துக்குப் போனாள். அவளுக்காக நாங்கள் உள்ளூர வருந்தியதும் உண்டு. அங்கே பெலோ என்று யாரும் இல்லை. ஏழைகள் வரும் பொது வைத்தியசாலை ஒன்றும் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலை ஒன்றும் அவளுடைய களங்கள். இரண்டாம் ஆண்டிலேயே நோயாளியை முதலில் பார்த்து, எந்தத் தசையில் ஊசி போடுவதென்று தானே முடிவெடுத்து, பரிசோதனையை முடித்த பின்னரே மேற்பார்வை வைத்தியரை அழைப்பாள்.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்டது அமெரிக்காவில் அல்ல, திருகோணமலையில். நான் திரும்பி வந்து சில மாதங்களில், மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் ஒரு பாதம் தொங்கிய நிலையில் வந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே பெரோனியல் நரம்பு அழுத்துண்டதா, அல்லது இடுப்பில் எல்-5 நரம்பு வேர் பாதிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையைச் சோதித்தால் வழி பிரிந்துவிடும். அது எல்-5இலிருந்து இழைகளைப் பெற்றாலும் பெரோனியல் நரம்போடு சம்பந்தம் இல்லாதது. புத்தகத்தில் பலமுறை படித்திருந்தேன். ஆழத்தில் கிடக்கும் அந்தத் தசைக்குள் என் கை மட்டும் ஒருமுறையேனும் தனியாகப் போனதில்லை. ஒரு மணி நேரம் தடுமாறிவிட்டு, நிச்சயமில்லாத அறிக்கை ஒன்றை எழுதி, அவரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கண்டிக்கு அனுப்பினேன். முள்ளந்தண்டில் குறை ஒன்றும் இல்லை. குந்தியிருந்து நாள் முழுதும் வலை பொத்துகிற மனிதர் அவர். அந்த இருப்பில் நரம்பு நசுங்கியிருந்தது. அவருடைய கூலி, பஸ் செலவு, ஸ்கான் கட்டணம் எல்லாம் என் பட்டியலின் முதலிடத்துக்காக அவர் கட்டிய விலை. பிறகு அந்தத் தோழியே வட்ஸப் காணொளி வழியே எனக்கு அந்த ஊசியைப் பழக்கினாள்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் அதிகம் எரிச்சலூட்டுகிறது. நேர்முகத்துக்குப் போன அன்று அங்கிருந்த ரெசிடென்டுகளிடம் நான் கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். கடந்த வாரத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்த பரிசோதனைகள் எத்தனை, பெலோ இல்லாத நாளில் ஊசியறைக்குள் யார் போகிறார்கள், பதிவேட்டில் உள்ளவற்றுள் செய்தவை எத்தனை, பார்த்தவை எத்தனை என்ற மூன்று கேள்விகளே போதும். பெலோக்கள் இருப்பதே குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. தம்முடைய தொகையை நிரப்பியதும் ரெசிடென்டுக்குப் பழக்குகிற பெலோக்களும் இருக்கிறார்கள். பெரிய பெயரால் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வலி மருத்துவ பெலோஷிப்புகள் பெரும்பாலும் மயக்க மருந்தியல் துறைகளின் கீழ் நடப்பவை. வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அங்கே அறிமுகமான பெயர் கதவைத் திறக்கும். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால், முண்ணாண் (தண்டுவட) காயத்துக்கான ‘மொடல் சிஸ்டம்’ மையங்களை 1970 முதலும், மூளைக் காயத்துக்கானவற்றை 1987 முதலும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நிதி தந்து நடத்துகிறது. போட்டியிட்டு வென்று, தவணை முடிந்ததும் மறுபடி போட்டியிட்டே காக்க வேண்டிய பெயர் அது. ஆகவே, பெயர் இருக்கிறதா என்று கேட்கும்போதே எதற்காக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

வாக்குகளால் வந்த வரிசையைத் தரவரிசை என்று நம்புவது

ரெசிடென்சித் திட்டங்களுக்கென்றே, வைத்தியர்களுக்கான இணைய வலையமைப்பான டொக்சிமிட்டி ஒரு வரிசை தருகிறது. அதில் பெரும்பங்கு, சிறந்தவை என்று தாம் கருதும் இடங்களை வைத்தியர்கள் முன்மொழிவதால் வருவது. திருகோணமலையில் சிறந்த பாடசாலை எது என்று பழைய மாணவர் சங்கங்களிடம் வாக்கெடுத்தால் எந்தச் சங்கத்துக்கு உறுப்பினர் அதிகமோ அதன் பாடசாலைதான் வெல்லும். பழமையான, ஆள்தொகை கூடிய திட்டங்களுக்கும் அங்கே அதே வசதி இருக்கிறது.

கட்டில்களை எண்ணுவது

கட்டிலில் படுத்திருப்பவர் யார் என்பதை எண்ணுங்கள். புனர்வாழ்வு வைத்தியசாலை என்ற வகையில், முதன்மையாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்புறுதியான மெடிகேரின் கொடுப்பனவு பெறுவதற்கு, அனுமதிக்கப்படும் நோயாளருள் குறைந்தது 60 வீதத்தினருக்குக் குறிப்பிட்ட 13 நோய்நிலைகளுள் ஒன்று இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. முண்ணாண் காயமும் மூளைக் காயமும் பாரிசவாதமும் அந்தப் பதின்மூன்றில் அடங்கும். இடுப்பெலும்பு முறிவும் அடங்கும். எனவே 100 கட்டில் கொண்ட இடம் ஒன்று பெரும்பாலும் எலும்பு முறிந்த முதியவர்களாலும், நீண்ட நோயால் தளர்ந்தவர்களாலும் விதிக்கு உட்பட்டே நிரம்பியிருக்கலாம். 20 கட்டில் கொண்ட சிறிய அலகு ஒன்றுக்குப் பக்கத்து விபத்துப் பிரிவிலிருந்து புதிய முண்ணாண் காயங்கள் வந்துகொண்டே இருக்கலாம். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களைப் பார்க்கப் போகிற எமக்கு இது சிறிய வேறுபாடன்று.

தனித்து நிற்கும் வைத்தியசாலையா, பெரிய வைத்தியசாலைக்குள் அமைந்த அலகா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நள்ளிரவில் நோயாளிக்கு மூச்சு முட்டினால், முன்னையதில் முதலில் நிற்பவரும் அம்புலன்ஸை அழைப்பவரும் பெரும்பாலும் நீங்கள்தான். அது பயமாகவும் இருக்கும், நல்ல பயிற்சியாகவும் இருக்கும்.

சபைப் பரீட்சைச் சித்தி வீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுவது

விசேட வைத்தியராகச் சான்று பெறுவதற்கான சபைப் பரீட்சையில், ஆண்டுக்கு நால்வர் பயிலும் இடத்தில் ஒருவர் தவறினால் சித்தி வீதம் 75. பன்னிருவர் பயிலும் இடத்தில் ஒருவர் தவறினால் ஏறத்தாழ 92. ஓராண்டின் எண்ணை விட்டுவிட்டுப் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். எழுத்துப் பரீட்சையையும் வாய்மொழிப் பரீட்சையையும் தனித்தனியே பாருங்கள். வாய்மொழியில் தொடர்ந்து தடுமாறுகிற இடத்தில், நோயாளியின் முன் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆசிரியர்கள் போதாது என்றே நான் சந்தேகிப்பேன்.

டி.ஓ. என்ற எழுத்துகளைக் கண்டு முகம் சுளிப்பது

ரெசிடென்டுகளின் பெயர்களுக்குப் பின்னால் எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்று இருந்தால் ‘தரம் குறைந்த இடம்’ என்று சிவப்பு நிறம் பூசிவிடுகிறார்கள். அந்தத் தம்பியும் அப்படியே பூசியிருந்தார். டி.ஓ. என்பது அமெரிக்காவில் முழு உரிமத்தோடு மருத்துவம் செய்யும் ஒஸ்டியோபதி மருத்துவர்களின் பட்டம். தசையும் எலும்பும் அவர்களுடைய படிப்பில் கூடுதல் இடம் பெறுவதால் இயல்பாகவே பலர் இந்தத் துறையை நாடுகிறார்கள். இரு வகையினரின் ரெசிடென்சிகளும் 2020இலிருந்து ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டன.

வைத்தியசாலையின் பெயரும் திட்டத்தின் பெயரும் வேறாக இருப்பதைக் கவனியாதிருப்பது

சிக்காகோவின் புனர்வாழ்வு நிறுவனம் 2017இல் ஷேர்லி ரயன் எபிலிட்டிலாப் என்று பெயர் மாறியது. அங்கே பயில விண்ணப்பிக்க வேண்டியது நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் திட்டத்துக்கு. ஸ்போல்டிங் வைத்தியசாலைக்கு ஹார்வர்ட், கெஸ்லருக்கு ரட்கேர்ஸ். ஒரே இடத்தை இரண்டு வரிகளில் எழுதி இரண்டு தெரிவுகள் என்று எண்ணியிருந்த அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

விசாவைப் பிறகு பார்க்கலாம் என்பது

முதலில் பாருங்கள். ஜே-1 விசா மட்டும் ஏற்கும் இடமா, எச்-1பி விசாவும் ஏற்கும் இடமா என்று விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் கேளுங்கள். பின்னையதற்கு அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் இறுதிக் கட்டமான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும், முன்னையதில் பயின்றவர் விலக்குப் பெறாவிட்டால் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் கழிக்க வேண்டும். நான் உவர்மலையில் இருப்பதற்கு முதற்காரணம் அந்த இரண்டு ஆண்டுகளே.

முதலாம் ஆண்டை மறப்பது

பயிற்சி நான்கு ஆண்டுகள். ‘அட்வான்ஸ்ட்’ வகை இடம் கிடைத்தவர் அவற்றுள் முதலாம் ஆண்டை வேறோர் இடத்தில் தனியே தேடிக்கொள்ள வேண்டும்.

சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று ரெசிடென்டுகளிடம் கேட்பது

எல்லோரும் ஆம் என்பார்கள்.

அருகில் உள்ளதை எண்ணிப் பாராதிருப்பது

இலங்கையில் புனர்வாழ்வு மருத்துவம் வாதநோய் மருத்துவத்தோடு இணைந்த துறை. மூட்டு நோய்களில் ஆர்வம் உள்ளவருக்கு அந்த இணைப்பு அமெரிக்காவில் கிடைக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் துறையைக் கட்டியெழுப்பிய மேரி வர்கீஸ், 1954இல் நடந்த வாகன விபத்தில் முண்ணாண் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே நியூயோர்க்கில் பயின்று திரும்பியவர். வேலூரில் புனர்வாழ்வு நிறுவனம் 1966இல் திறக்கப்பட்டது. படுக்கைப் புண்ணையும் சிறுநீர்ப்பை பராமரிப்பையும் வீட்டுக்குத் திரும்பும் வழியையும் எமது ஊர்களைப் போன்ற ஊர்களுக்காக யோசித்த இடம் அது. தம்பியின் அட்டவணையில் இலங்கையின் ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையும் இல்லை, வேலூரும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “அவற்றுக்குத் தரவரிசை எண் கிடைக்கவில்லை, அக்கா” என்றார்.